பன்றிக் கல்லீரல்: மருத்துவ ஆய்விலும் விலங்குத் தீவனத்திலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்காகவோ தீவனத் தயாரிப்புக்காகவோ பன்றி ஈரலைக் கையாள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பல ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ஈரல் எதற்குப் போகப்போகிறது என்பது விலங்கை அறுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உயிருள்ள செல் வேண்டுமா, வேலை செய்யும் நொதி வேண்டுமா, சத்து மட்டும் போதுமா? அறுத்த பிறகான முதல் அரை மணி நேரம் இந்த மூன்றுக்கும் மூன்று விதமாக நடக்க வேண்டும். அந்த நேரத்தில் கெட்டதைப் பின்னால் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

ஆய்வுக்கு ஏன் பன்றி ஈரல்? எலி ஈரலோ மாட்டு ஈரலோ போதாதா?

முதல் காரணம் அளவு. நூறு கிலோவை ஒட்டிய பன்றியின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். வளர்ந்த மனிதரின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அதனால் மனிதருக்கென்று செய்த குழாய்கள், கவ்விகள், குருதியோட்டக் கருவிகள் எல்லாம் மாற்றமின்றிப் பன்றி ஈரலில் பொருந்தும். ஆய்வகத்தில் வளர்க்கும் பெரிய எலிக்கு (rat) பித்தப்பையே கிடையாது, பன்றிக்கு உண்டு. பன்றி மனிதரைப் போலவே எல்லாவற்றையும் தின்னும் விலங்கு. மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 (சுருக்கமாகச் சைப்) நொதிக் குடும்பமும் பெருமளவு ஒத்துப்போகிறது. மனிதரில் சைப் 3ஏ4 செய்யும் வேலையைப் பன்றியில் சைப் 3ஏ29 செய்கிறது. இறைச்சித் தொழிலின் துணைப்பொருளாகவே கிடைப்பதால், பல ஆய்வுகளுக்கென்று தனியாக ஒரு விலங்கைக் கொல்ல வேண்டியதும் இல்லை.

வேறுபாடுகளையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். பன்றி ஈரலின் மடல்களுக்கு இடையே பிளவுகள் ஆழமானவை. கீழ்ப் பெருஞ்சிரை ஈரல் திசுவுக்குள்ளேயே புதைந்து ஓடுவதால், மனித ஈரலில் செய்வதுபோல அதைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஒவ்வொரு நுண்மடலையும் சுற்றித் தடித்த இணைப்புத் திசு வேலி இருக்கிறது. வெட்டுப் பரப்பில் அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மனித ஈரலில் இப்படித் தெரிந்தால் அது நோய். பன்றியில் அதுதான் இயல்பு. திசு அறிக்கை எழுதப் புதிதாக வருபவர்கள் இதை நார்த்தடிப்பு என்று பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று: பன்றி ஈரலில் சல்பேட்டு இணைப்பு வினை மிகக் குறைவு, குளுக்குரோனிக் அமில இணைப்பு வலுவானது. நீங்கள் ஆராயும் மருந்து சல்பேட்டு வழியாக வெளியேறுவது என்றால் பன்றி தவறான தேர்வு.

அறுத்த பிறகு முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

உயிருள்ள செல்கள் வேண்டுமென்றால், இரத்தவோட்டம் நின்ற பிறகு ஈரல் உடல் சூட்டில் கிடக்கும் நேரத்தைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் குழாய் செருகி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலை, வெளியே வரும் நீர் தெளியும் வரை ஓட்ட வேண்டும். வழக்கமான இறைச்சிக்கூடத்தில் இரத்தம் வடித்து, வெந்நீரில் முக்கி, மயிர் நீக்கி, அதன் பிறகே வயிற்றைத் திறக்கிறார்கள். ஈரல் கைக்கு வரும்போது அந்தப் பதினைந்து நிமிடம் கடந்திருக்கும். முன்கூட்டியே தனி ஏற்பாடு செய்யாமல் இறைச்சிக்கூட ஈரலில் நல்ல செல்களை எதிர்பார்ப்பது வீண்.

நொதி வேண்டுமென்றால் இவ்வளவு அவசரம் இல்லை, ஆனாலும் சுணங்கக் கூடாது. பித்தப்பையை முதலில் குத்தாமல் அகற்றுங்கள். பித்த உப்புகள் சோப்பைப் போலச் சவ்வுகளைக் கரைத்துவிடும். ஒரு துளி சிந்தினாலும் அந்தப் பகுதியை வெட்டி எறிவதே நல்லது. குளிர்ந்த உப்புக்கரைசலில் இரத்தத்தைக் கழுவி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். முழு ஈரலை அப்படியே உறைபெட்டியில் வைத்தால் நடுப்பகுதி உறையப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் செல்லின் சொந்தப் புரதச் சிதைப்பான்களே வேலையை முடித்துவிடும். நான்கைந்து ஈரல்களை ஆழமான வாளியில் அடுக்கி மேலே பனிக்கட்டி கொட்டுவதும் இதே தவறுதான். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். நடுவில் உள்ளது உடல் சூட்டிலேயே இருக்கும்.

தீவனத்துக்கானது என்றால் தட்டையாகப் பரப்பி 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்து, ஓரிரு நாளுக்குள் பயன்படுத்தவோ உறையவைக்கவோ வேண்டும். ஈரலில் சர்க்கரையும் நீரும் இரும்பும் ஒன்றாக இருப்பதால் இறைச்சியைவிட வேகமாகக் கெடும்.

ஈரலின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் அவை பன்றி உருளைப்புழுவான அஸ்காரிஸ் சூமின் இளம்புழுக்கள் ஈரலைக் கடந்துபோன தழும்புகள். புதிய தொற்று இல்லையென்றால் சில வாரங்களில் மறைந்துவிடும். தீவனத்துக்கா, கழிவுக்கா என்பதைக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வேண்டாம்: தழும்பைச் சுற்றி ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவிந்திருக்கும், நச்சியல் முடிவுகளை அது குழப்பும்.

மைக்ரோசோம் தயாரிக்கும் முறை என்ன? எங்கே தவறுகிறது?

மைக்ரோசோம் என்பது ஈரல் செல்லை உடைத்துப் பிரித்தெடுக்கும், சைப் நொதிகள் நிறைந்த சவ்வுத் துணுக்குகள். மருந்து உடலில் எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும் ஆய்வகங்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 25 கிராம் ஈரலைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, நான்கு மடங்கு, அதாவது 100 மில்லி, பனிக்குளிர் கரைசலில் போடுங்கள்: 0.25 மோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் டிரிஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ, பிஎச் 7.4. டெஃப்லான் தண்டுள்ள கண்ணாடி அரைப்பானில் ஐந்து முதல் எட்டு முறை மேலும் கீழும் அரைத்தால் போதும். பாத்திரம் எப்போதும் பனிக்கட்டியில் இருக்கட்டும்.

அடுத்து புவியீர்ப்பின் 10,000 மடங்கில் 20 நிமிடம் சுழற்றுங்கள். மேலே மிதக்கும் கொழுப்புப் படலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு நடுத் திரவத்தை மட்டும் எடுங்கள். அதை 1,00,000 மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் அடியில் இளஞ்சிவப்பாகப் படிவதே மைக்ரோசோம். 1.15 சதவீத பொட்டாசியம் குளோரைடில் மீண்டும் கலக்கி ஒருமுறை சுழற்றினால் ஒட்டியிருக்கும் ஹீமோகுளோபின் போய்விடும். கடைசியில் 20 சதவீத கிளிசரால் உள்ள பிஎச் 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசலில், மில்லிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் புரதம் வரும்படி கரைத்து, ஒருமுறைக்கு வேண்டிய அளவில் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

தரம் பார்க்க டைதயோனைட் சேர்த்துக் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி நிறமாலை எடுப்பார்கள். 450 நானோமீட்டரில் முகடு எழுந்தால் நொதி நலமாக இருக்கிறது. 420-இல் எழுந்தால் அது உருக்குலைந்துவிட்டது. அந்தத் தொகுதியைத் தூக்கிப்போடுங்கள். 420 முகடு வருவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: மிக்ஸி போன்ற வேகமான கருவியில் அரைத்து நுரையும் சூடும் உண்டாக்கியது, பித்தம் கலந்தது, ஒரே குப்பியைப் பலமுறை உருக்கி உறையவைத்தது. மைக்ரோசோமுக்கு அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த வழவழப்பான படிவு தெரிந்தால் அது கிளைக்கோஜன். விலங்கு முந்திய இரவு பட்டினி இருந்திருந்தால் இது குறையும்.

பன்றிக் கல்லீரல் எஸ்டெரேஸ் என்பது என்ன? வேதியியலாளர்கள் ஏன் அதை இவ்வளவு விரும்புகிறார்கள்?

எஸ்டர்களை, அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மங்களை, நீர் சேர்த்து உடைக்கும் நொதி அது. சமச்சீரான ஒரு டைஎஸ்டரைக் கொடுத்தால் இரு பக்கத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்து வெட்டும். விளைவாக இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்று மட்டும் மிகுதியாகக் கிடைக்கும். மருந்து மூலக்கூறுகளுக்கு இந்தத் தேர்வுதான் உயிர்நாடி. டொராண்டோவின் ஜே. பிரையன் ஜோன்ஸ் குழு 1990-இல் இந்த நொதியின் செயல்மையத்துக்கு ஒரு மாதிரி வகுத்துக் கொடுத்ததிலிருந்து, எந்தப் பக்கம் வெட்டும் என்று ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

ஆய்வகத்தில் எளிய வடிவம் அசிட்டோன் தூள். ஈரல் கூழ் ஒரு பங்குக்கு மைனஸ் 20 டிகிரியில் குளிர்ந்த அசிட்டோன் ஐந்து முதல் பத்துப் பங்கு. அரைத்து, உறிஞ்சு வடிகட்டியில் வடித்து, இன்னொரு முறை அசிட்டோனில் கழுவி, காற்றோட்டத்தில் உலர்த்தி, சலித்து, மைனஸ் 20 டிகிரியில் ஈரம் புகாமல் வைக்கலாம். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும். பொறி பறக்காத மோட்டாரும் புகைபோக்கி அறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அசிட்டோன் சூடாக இருந்தால் நீர் வெளியேறும் முன்பே புரதம் உருக்குலையும். தூள் பழுப்பாகிப் பிசுபிசுக்கும்.

வினை நடத்தும்போது பிஎச் 7 முதல் 8, வெப்பம் 25 முதல் 30 டிகிரி. எஸ்டர் உடைய உடைய அமிலம் சேர்வதால், தானாகவே சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டவிடும் பிஎச் நிலைநிறுத்தி தேவை. அது இல்லாமல் வெறும் தாங்கல் கரைசலை நம்பினால் பாதியில் பிஎச் சரிந்து வினை நின்றுவிடும். கரையாத மூலப்பொருளுக்கு டைமெத்தில் சல்பாக்சைடைப் பத்து சதவீதம் வரை சேர்க்கலாம்.

எல்லோரையும் படுத்தும் சிக்கல் ஒன்று உண்டு. ஈரலிலிருந்து எடுத்தது ஒரே நொதி அல்ல. நெருங்கிய உறவுள்ள பல வடிவங்களின் கலவை. விலங்குக்கு விலங்கு, தொகுதிக்குத் தொகுதி விகிதம் மாறும். போன தொகுதியில் 95 சதவீதத் தூய்மை தந்த வினை இந்தத் தொகுதியில் 80-க்கு இறங்குவது இதனால்தான். ஒவ்வொரு தொகுதியையும் தெரிந்த ஒரு சோதனை எஸ்டரில் ஓட்டிப் பதிவு செய்யாமல் விலைமதிப்புள்ள மூலப்பொருளில் இறக்காதீர்கள். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஊவே போர்ன்ஷோயர் குழு ஒற்றை வடிவத்தை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து காட்டிய பிறகு, மருந்துத் தொழிலுக்கு அந்த வழியே சிறந்தது என்பது எங்கள் கருத்து. விலங்குத் தொற்று அச்சமும் அதில் இல்லை.

ஹெபாரின் பன்றி ஈரலிலிருந்துதானே வருகிறது?

இல்லை. 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் அதை முதலில் கண்டது நாயின் ஈரலில். இன்று மருந்தாக வரும் ஹெபாரின் பன்றியின் சிறுகுடல் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது.

அப்படியானால் பன்றி ஈரல் மருத்துவத்துக்கு உண்மையில் என்ன தந்திருக்கிறது?

ஹென்ரிக் டாம் 1930-களில் வைட்டமின் கே-யைத் தேடியபோது அது நிறைந்திருந்த பொருள்களில் ஒன்று பன்றி ஈரல் கொழுப்பு. ஃபிரிட்ஸ் லிப்மன் 1940-களில் துணைநொதி ஏ-யைப் பிரித்தெடுக்கப் பன்றி ஈரலைப் பயன்படுத்தினார். 1953 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

நேரடி மருந்தாகச் சொல்ல வேண்டுமென்றால் பெக்லோட்டிகேஸ். யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் நொதி பன்றி ஈரலில் இருக்கிறது. மனிதர் பரிணாமத்தில் அதை இழந்துவிட்டோம். பன்றி யூரிகேஸ் மரபணுவை அடிப்படையாக வைத்து, பபூன் குரங்கின் வரிசையைச் சிறிது சேர்த்து, பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய மருந்து அது. மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத கவுட் மூட்டுவாதத்துக்கு அமெரிக்காவில் 2010-இல் ஒப்புதல் பெற்றது. ஊசியில் பன்றி ஈரல் எதுவும் இல்லை. அதன் மரபணு வரைபடம் மட்டுமே இருக்கிறது.

இரத்தசோகைக்கு ஈரல் ஊசி போடலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். மைனாட்டும் மர்ஃபியும் 1926-இல் பெர்னீசியஸ் இரத்தசோகையை ஈரல் உணவால் மீட்டுக் காட்டியது பெரிய சாதனை. 1934-இல் விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது. அதில் வேலை செய்த பொருள் வைட்டமின் பி12 என்று 1948-இல் தெரிந்துவிட்டது. தூய பி12 கிடைக்கும்போது ஒவ்வாமை அபாயமுள்ள ஈரல் சாற்றுக்கு இடமில்லை.

கல்லீரல் செல்களைப் பிரிப்பது எப்படி?

ஆய்வாளர் செக்லன் வகுத்த இரண்டு படி முறைதான் அடிப்படை; இணைப்புத் திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதியே அதில் முக்கியம். முழு ஈரலையோ நல்ல குழாய் வாய் தெரியும் ஒரு மடலையோ எடுத்து, 37 டிகிரியில், முதலில் கால்சியம் இல்லாத, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ சேர்ந்த கரைசலைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். செல்களை ஒட்டவைக்கும் பிடிப்புகள் கால்சியம் இல்லாமல் தளரும். பிறகு கால்சியமும் மில்லிக்கு அரை மில்லிகிராம் அளவு கொலாஜனேஸும் உள்ள கரைசலைப் பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடம் சுழலவிடுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் நிறுத்தும் நேரம். உறையைக் கிழித்துக் குளிர்ந்த ஊடகத்தில் செல்களை உதறி, 100 மைக்ரோமீட்டர் வலையில் வடித்து, புவியீர்ப்பின் 50 மடங்கில் மட்டும் மூன்று முதல் ஐந்து நிமிடம் சுழற்றி, மூன்று முறை கழுவுங்கள். வேகத்தைக் கூட்டினால் ஈரலின் பிற சிறு செல்களும் இறந்த செல்களும் கூடவே படிந்துவிடும்.

இறந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் நீலச் சோதனையில் 80 சதவீதத்துக்குக் குறைவாக உயிர் இருந்தால் வளர்ப்புக்குப் பயனில்லை. கொலாஜன் பூசிய தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் செல் விதைக்கலாம். எலி ஈரலில் கைதேர்ந்தவர்கள்கூடப் பன்றியில் முதலில் தடுமாறுவார்கள். முன்பு சொன்ன இணைப்புத் திசு வேலிதான் காரணம். நேரத்தை நீட்டினால் செல் சாகும், சுருக்கினால் கட்டிகளாகவே வரும். கொலாஜனேஸ் வாங்கும்போது ஒவ்வொரு தொகுதியையும் சிறு மடலில் சோதித்து, நன்றாக வேலை செய்த தொகுதியை மொத்தமாக வாங்கி வைப்பதே தீர்வு. தட்டில் ஒட்டிய செல்களின் மருந்துச் சிதைப்புத் திறன் ஓரிரு நாளிலேயே சரியத் தொடங்கும். நீண்ட ஆய்வுக்கு இரு கொலாஜன் அடுக்குகளுக்கு நடுவிலோ உருண்டைத் திரள்களாகவோ வளர்ப்பது நல்லது.

இந்தச் செல்களால் நோயாளிகளைக் காப்பாற்ற முடிந்ததா?

ஈரல் செயலிழந்தவர்களுக்காக முயன்றார்கள். ஹெபட்அசிஸ்ட் என்ற கருவியில் உறைநிலையில் காத்த சுமார் 700 கோடி பன்றிச் செல்களை நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் நோயாளியின் பிளாஸ்மாவை ஓட்டினார்கள். 171 நோயாளிகளைக் கொண்ட பரிசோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. முப்பது நாள் உயிர்பிழைத்தவர்கள் கருவிக் குழுவில் 71 சதவீதம், கருவி இல்லாத குழுவில் 62. புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. உருக்கிய செல்கள் சில மணி நேரத்துக்கு மேல் முழுத் திறனோடு இயங்காததும், முழு ஈரலோடு ஒப்பிட்டால் செல் எண்ணிக்கை மிகச் சிறியதும் இந்த வகைக் கருவிகளின் பொதுக் குறைகள்.

செல் நீக்கிய ஈரல் என்கிறார்களே, அது என்ன?

ஈரலின் செல்களை எல்லாம் கரைத்து வெளியேற்றிவிட்டு, குழாய்களும் நார்க் கட்டமைப்பும் மட்டும் மிஞ்சச் செய்வது. போர்ட்டல் சிரை வழியாக முதலில் உப்புக்கரைசல், பிறகு சோப்பைப் போலச் செல்லைக் கரைக்கும் இரு பொருள்கள், டிரைட்டான் எக்ஸ்-100 ஒரு சதவீதம், அடுத்து எஸ்டிஎஸ் 0.1 முதல் 1 சதவீதம் என்று ஓட்டுவார்கள். முழுப் பன்றி ஈரலுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். செம்பழுப்பாக இருந்தது மெல்ல வெளுத்து, கடைசியில் பால்வெள்ளையாக ஒளி ஊடுருவும்படி ஆகும். இயல்பில் போர்ட்டல் அழுத்தம் பாதரசக் கணக்கில் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பம்பைக் கூட்டினால் மெல்லிய உறை வெடிக்கும். உறை போன ஈரலில் திரவம் எளிதான வழியாக ஒழுகிவிடும், தொலைவில் உள்ள மடல்கள் பழுப்பாகவே நிற்கும்.

உலர்ந்த திசு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே டிஎன்ஏ இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். அதே அளவு கவனம் எஸ்டிஎஸ் எச்சத்துக்கும் தேவை. மிச்சமிருந்தால் பின்னால் விதைக்கும் புதிய செல்களை அதுவே கொல்லும். கழுவும் நேரம், கரைக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும்.

இந்த வழியில் நோயாளியிடம் போய்ச் சேர்ந்த பொருளும் உண்டு. அமெரிக்காவின் மிரோமேட்ரிக்ஸ் நிறுவனம் செல் நீக்கிய பன்றி ஈரலிலிருந்து செய்த அறுவைவலை, குடலிறக்கம் போன்றவற்றில் திசுவுக்கு வலுவூட்ட அனுமதி பெற்றது.

பன்றி ஈரலை மனிதருக்குப் பொருத்துவது எந்த நிலையில் இருக்கிறது?

1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மரபணு மாற்றாத பன்றி ஈரலை ஓர் இளம் பெண்ணுக்குத் தற்காலிகப் பாலமாகப் பொருத்தினார்கள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அன்று தடையாக நின்றது, பன்றிச் செல்லின் மேலுள்ள சர்க்கரைகளுக்கு எதிராக நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்கள். இன்று அந்தச் சர்க்கரைகளை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கி, மனித மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்த பன்றிகள் இருக்கின்றன.

2023 டிசம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரத்தத்தை உடலுக்கு வெளியே வைத்த பன்றி ஈரல் வழியாக 72 மணி நேரம் ஓட்டினார்கள். 2024 மார்ச்சில் சீனாவின் ஷியான் நகரில் ஆறு மரபணு மாற்றங்கள் கொண்ட ஈரலை, மூளைச்சாவு அடைந்தவருக்கு அவருடைய சொந்த ஈரலை நீக்காமல் பொருத்தினார்கள். பத்து நாள் பித்தமும் ஆல்புமினும் சுரந்தது. அதே ஆண்டு மே மாதம் அன்ஹுயியில் 71 வயது நோயாளிக்குப் பத்து மாற்றங்கள் கொண்ட ஈரலைத் துணையாகப் பொருத்தினார்கள். நுண்குழாய்களில் இரத்தம் உறையும் சிக்கல் வந்ததால் 38-ஆம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். நோயாளி மொத்தம் 171 நாள் வாழ்ந்தார்.

சிறுநீரகம், இதயத்தைவிட ஈரல் கடினமாவதற்குக் காரணம் அது ஒரு புரத ஆலை என்பது. பன்றி செய்யும் உறைதல் புரதங்கள் மனிதருடையவற்றோடு முழுமையாக இசையவில்லை. பன்றி ஈரலின் செல்கள் மனிதத் தட்டணுக்களை விழுங்கியும்விடுகின்றன. எனவே தட்டணு எண்ணிக்கை சரிவதும், ஒருபக்கம் இரத்தக்கசிவும் மறுபக்கம் உறைதலுமாகச் சிக்குவதும் நடக்கிறது. மனித ஈரல் கிடைக்கும் வரை சில நாள், சில வாரம் தாங்கும் பாலம் என்பதே இப்போதைக்கு நியாயமான எதிர்பார்ப்பு. நிரந்தர மாற்று என்று சொல்லும் செய்திகளை நம்பிக் குடும்பங்கள் காத்திருக்கக் கூடாது.

அறுவைப் பயிற்சிக்கு இறைச்சிக்கூட ஈரல் போதுமா?

தையல், லேப்ராஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி செலுத்துதல் ஆகியவற்றுக்குப் போதும். கதிரலை வெப்பத்தால் கட்டியைச் சுடும் பயிற்சியில் மட்டும் எச்சரிக்கை. செத்த ஈரலில் சூட்டை அள்ளிக்கொண்டு போக இரத்தவோட்டம் இல்லாததால் வெளுத்த வட்டம் உயிருள்ள ஈரலில் வருவதைவிடப் பெரிதாக வரும். அந்த அளவை நோயாளிக்குக் கணக்காக எடுத்துக்கொண்டால் கட்டியின் ஓரம் சுடப்படாமல் தங்கிவிடும். குளிர்பதனத்திலிருந்து எடுத்த உடனே சுட்டால் தொடக்க வெப்பம் மாறி முடிவும் மாறும். அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள்.

தீவனமாகப் பார்த்தால் அதில் என்ன சத்து?

பச்சை ஈரல் 100 கிராமில் நீர் 71 கிராம், புரதம் 21, கொழுப்பு 3.7, இரும்பு 23 மில்லிகிராம், பி12 26 மைக்ரோகிராம், வைட்டமின் ஏ சுமார் 21,600 சர்வதேச அலகு (IU). மாட்டு ஈரலைவிட இரும்பு நான்கு மடங்குக்கு மேல். 90 டிகிரியில் வேகவைத்து, பிழிந்து, ஈரம் 8 சதவீதம் வரை உலர்த்தினால் 100 கிலோவுக்கு 30 கிலோவை ஒட்டித் தூள் தேறும். அதில் புரதம் 65 சதவீதத்துக்கு மேல். மீன், இறால் தீவனத்தில் வாசனைக்காக ஓரிரு சதவீதம் சேர்ப்பதும் இந்தத் தூளைத்தான்.

நாய், பூனை உணவில் எவ்வளவு சேர்க்கலாம்?

வைட்டமின் ஏ-தான் எல்லைக்கோடு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் உச்ச வரம்பு, உலர்பொருள் கிலோவுக்கு நாய்க்கு 2,50,000 அலகு, பூனைக்கு 3,33,300. பன்றி ஈரலின் உலர்பொருளில் மட்டும் கிலோவுக்கு ஏழரை லட்சம் அலகு இருக்கிறது. அதாவது நாய் உணவின் உலர்பொருளில் மூன்றில் ஒரு பங்கு ஈரலானாலே வரம்பு எட்டிவிடும், வேறு எதையும் சேர்க்காமலே. பன்றிக்குக் கொடுத்த வைட்டமின் கலவையைப் பொறுத்து இந்த அளவு இன்னும் கூடலாம் என்பதால் வரம்பை ஒட்டிப் போகாதீர்கள்.

பச்சை எடையில் 5 சதவீதம் என்பது நல்ல அளவு. உணவில் 30 சதவீதம் உலர்பொருள் என்று வைத்தால், அந்த 5 சதவீதமே உலர்பொருள் கிலோவுக்கு 36,000 அலகு தருகிறது. நாயின் குறைந்தபட்சத் தேவை 5,000-தான். வைட்டமின் கலவையும் சேர்ப்பவர்கள் அதில் ஏ-யைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஈரலையே தின்று பழகிய பூனைகளுக்குக் கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலை திருப்ப முடியாமல் போகும். ஒட்டிய எலும்பு பிறகு பிரியாது.

வளர்ச்சிக்காகத் தாமிரம் மிகுதியாகக் கொடுத்த பன்றியின் ஈரலில் தாமிரமும் ஏறியிருக்கும். பெட்லிங்டன் டெரியர் போல, தாமிரத்தை வெளியேற்ற முடியாத நாய் இனங்களுக்கு அது வேண்டாம்.

சுவையூட்டி நீராற்பகுப்பு தயாரிக்கும் முறை?

உலர் உணவுக் குருணைகளின் மேல் தெளிக்கும் கரைசல் அல்லது தூள் இது. ஈரலை 3 முதல் 5 மில்லிமீட்டர் துளைத்தட்டில் அரைத்து, பாதி எடை நீர் சேர்த்து, கலக்கிக்கொண்டே 55 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பிஎச் 7-க்கு மேல் வைத்து, ஆல்கலேஸ் போன்ற புரதச் சிதைப்பியை எடையில் 0.2 முதல் 0.5 சதவீதம் சேர்த்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் விடுங்கள். கூழ் தண்ணீராக இளகும். 90 டிகிரியில் 15 நிமிடம் வைத்து நொதியை நிறுத்தி, சலித்து, பாஸ்போரிக் அமிலத்தால் பிஎச்சை 3-ஐ ஒட்டி இறக்குங்கள். அமிலம் கிருமியையும் தடுக்கும்; பூனைகளுக்கு அந்தச் சுவை பிடிக்கவும் செய்யும். வறுத்த மணம் வேண்டுமென்றால், அமிலம் சேர்க்கும் முன் குளுக்கோஸோ சைலோஸோ ஒன்றிரண்டு சதவீதமும் சிறிது கிளைசீனும் சேர்த்து 95 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம்.

குருணையில் முதலில் சூடான கொழுப்பு, அது ஊறிய பிறகு சுவையூட்டி. வரிசை மாறினால் கொழுப்பு மணத்தை மூடிவிடும். தூளாக என்றால் ஒன்று முதல் மூன்று சதவீதம் போதும்.

எங்கே கெடுகிறது? நேரத்தை நீட்டினால் சிறு பெப்டைடுகள் பெருகிக் கசக்கும். விலங்கு முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஈரலின் இரும்பு கொழுப்பைச் சிக்கடிக்க வைக்கும், ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பானை அரைக்கும்போதே சேருங்கள். மணம் மாறிய பிறகு சேர்ப்பதில் பொருளில்லை. மிக மோசமானது, சூடாக்கி முடித்த பொருளில் மீண்டும் சால்மோனெல்லா புகுவது. பச்சை ஈரல் வரும் பக்கமும் முடிந்த பொருள் போகும் பக்கமும் ஆள், வாளி, காற்று எதிலும் கலக்கக் கூடாது. பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு கிண்ணச் சோதனை வையுங்கள். மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றுங்கள், ஏனெனில் பல நாய்கள் எப்போதும் ஒரே பக்கக் கிண்ணத்துக்கே போகும்.

பச்சையாகவே நாய்க்குப் போடலாமா?

வேண்டாம். ஆஜெஸ்கி நோய் வைரஸ் உள்ள பன்றியின் பச்சை உறுப்பைத் தின்ற நாயும் பூனையும் கடும் அரிப்போடு ஓரிரு நாளில் இறக்கும், சிகிச்சை இல்லை. நன்கு வேகவைப்பது ஒன்றே பாதுகாப்பு.

ஈரல் தூளைப் பன்றிக்கே தீவனமாகக் கொடுக்கலாமா?

கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் 60 டிகிரியில் 20 நிமிடத்தில் சாகும் என்றாலும், நடுப்பகுதி வேகாத ஒரு கட்டி போதும் பண்ணையே அழிய. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் பன்றிப் புரதத்தைக் கோழிக்குக் கொடுக்க அனுமதித்தபோதும், ஓரினத்தை அதே இனத்துக்கு ஊட்டும் தடையை விடவில்லை.

கையாள்பவருக்கு என்ன ஆபத்து?

ஈரல் அழற்சி உண்டாக்கும் ஹெபடைடிஸ் இ வைரஸ் முதலில். அதன் 3, 4-ஆம் வகைகள் பன்றியில் நோய்க்குறி இல்லாமலே வாழும்; ஈரலில்தான் பெருகும். முழுமையாகச் செயலிழக்க 71 டிகிரியில் 20 நிமிடம் வேண்டும் என்று கண்டிருக்கிறார்கள். வெளிப்புறம் மட்டும் வெந்தது கணக்கில் வராது. ஜப்பான் 2015-இல் பச்சைப் பன்றி ஈரலை உணவகங்களில் பரிமாறத் தடை விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளையும், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச்சக்தி அடக்கும் மருந்து எடுப்பவர்களையும் பச்சை ஈரல் வேலையில் விடாதீர்கள். வெட்டுக்காயம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ், எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாக்களும் ஏறும். கத்தி பிடிக்கும் கைக்கு எதிர்க் கையில் வெட்டுத் தாங்கும் உறை போடுங்கள். காயம்பட்டவருக்குக் காய்ச்சலோ காது மந்தமோ தெரிந்தால், பன்றித் திசுவைத் தொட்டவர் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சூயிஸ் மூளையுறை அழற்சியில் கேட்கும் திறன் வேகமாகப் போய்விடும்.

கொள்முதலின்போது என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

விலங்குக்கு கடைசியாகக் கொடுத்த மருந்து, அதன் பிறகு காத்த நாட்கள், தீவனத்தில் இருந்த தாமிரம், துத்தநாக அளவு, அறுத்த நேரம், குளிர்வித்த நேரம். டெட்ராசைக்ளினுக்கு ஐரோப்பிய வரம்பு இறைச்சியில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், ஈரலில் 300. ஈரலில் அதிகம் தங்கும் என்பதாலேயே தனி வரம்பு. காட்மியத்துக்கு ஈரலில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மருந்துச் சிதைப்பு ஆய்வுக்கு இந்த வரம்புக்குள் இருப்பதும் போதாது: சில மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே சைட்டோகுரோம் நொதிகளைத் தூண்டவோ அடக்கவோ செய்யும். ஆண் பன்றியா பெண் பன்றியா என்பதையும் கேட்டு எழுதுங்கள். விதை நீக்காத ஆண் பன்றியில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற ஸ்டீராய்டு, குடலில் உண்டாகும் நாற்றப் பொருளான ஸ்கட்டோலைச் சிதைக்கும் ஈரல் நொதிகளை அடக்கிவைக்கும். அந்த ஈரலில் எடுத்த எண்களை மற்றவற்றோடு சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டுமே தவறாகும்.